ஒருவர் பணம், மற்றவர் கை

அரசாங்கத்தின் உதவிப்பணம் ஒருவருக்கு உரித்தாகின்றது. அதனைப் பெற்று, எண்ணி, வேண்டியவற்றுக்குச் செலவிடும் ஆற்றல் அவருக்கு இருப்பின் அங்கே ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் உரித்துடையவர் தந்தையை இழந்த பச்சிளங் குழந்தையாயின்? பெற்ற மகனையே அடையாளங் காணமாட்டாத மூதாட்டியாயின்? மனநோயினால் வாடிக் கைப்பணத்தை வழிப்போக்கருக்கு வாரிக் கொடுப்பவராயின்? அப்பொழுது பணம் ஒருவருக்குச் சொந்தம்; அதனை வாங்கும் கை மற்றொருவருடையது. அந்தக் கை பெரும்பாலும் உறவினரின் கையே. அதனை எவ்வளவு நம்பலாம், எவ்வளவு கண்காணிக்க வேண்டும் என்னும் கேள்வி ஐக்கிய அமெரிக்காவில் நூறாண்டுகளாகப் பாராளுமன்றத்தையும் நீதிமன்றங்களையும் அலைக்கழித்து வந்துள்ளது. அதற்கு அந்நாடு கண்ட விடைகளுள் பெரும்பங்கு ஒரு வங்கிக் கணக்கின் தலைப்பில் அடங்கிக் கிடக்கின்றது.

பழைய வழி நீதிமன்ற வழி. தன் காரியத்தைத் தானே பார்க்கமாட்டாதவனுக்கு நீதிபதி ஒரு பாதுகாவலரை நியமிப்பார்; பாதுகாவலர் பிணை வைத்துக் கணக்குக் காட்டுவார். முதலாம் உலகப் போரிலிருந்து மனநிலை குலைந்து திரும்பிய போர்வீரர்களின் உதவிப்பணமும் இவ்வாறே பரிபாலிக்கப்பட்டது. ஆயின் வழக்கறிஞரும் வங்கியாளரும் இதனை ஒரு தொழிலாக்கிக் கொண்டனர். ஒரே ஆள் பற்பல வீரர்களுக்குப் பாதுகாவலராய் அமர்ந்து ஒவ்வொருவர் பணத்திலும் கூலி எடுத்தான். இதனைத் தடுக்க 1928ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கென ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டது. ஒரு பாதுகாவலர் ஐவருக்கு மேற் பொறுப்பேற்றல் ஆகாது. ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற் கூலி பெறுதலும் ஆகாது என அது வரையறுத்தது.

இதனினும் கொடிய பாடம் ஒக்லகோமா மாநிலத்தில் எழுதப்பட்டது. அங்கே ஓசேஜ் என்னும் செவ்விந்தியக் குலத்தாரின் நிலத்தின்கீழ் எண்ணெய் கிடைத்தது. அதன் வருமானத்தை அரசாங்கமே அவர்கள் சார்பில் வைத்திருந்து பங்கிட்டது. பங்குகள் பெருத்தபோது, அம்மக்களுட் பலர் பணத்தைக் கையாளத் தகுதியற்றோர் எனக் கூறி, உள்ளூர் நீதிமன்றங்கள் வெள்ளைக்காரப் பாதுகாவலரை நியமித்தன. 1921ஆம் ஆண்டுச் சட்டம், தகுதிச் சான்று இல்லாத ஓசேஜ் மக்களுக்கு மூன்று மாதத்துக்கு 1,000 டொலர் என ஓர் எல்லை கட்டியது. வேலியே பயிரை மேய்ந்தது. 1924இல் இந்தியர் உரிமைச் சங்கத்தின் சார்பில் சிட்காலா ஷா என்னும் சூ குலப் பெண்மணியும் வேறிருவரும் அம்மாநிலத்து இந்தியரின் சொத்துகள் சூறையாடப்பட்ட கதையை ஓர் அறிக்கையாக வெளியிட்டனர். அந்த அறிக்கை, பணக்காரராயிருந்தும் ஏழைகளாயிருந்த ஒக்லகோமா இந்தியர் என்பதையே தலைப்பாகக் கொண்டது. நீதிபதியின் முத்திரை இருப்பதனால் மட்டும் ஏழையின் பணம் காக்கப்படும் என்று இதற்குப் பின் எவரும் எண்ணியிருக்க முடியாது.

1935 ஓகஸ்ட் 14ஆந் திகதி குடியரசுத் தலைவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். முதிய தொழிலாளருக்கு மாதாந்த ஓய்வூதியம் வழங்குவதே அதன் முதன்மை நோக்கு. உழைத்து ஓய்ந்த தொழிலாளர் தம் காசோலையைத் தாமே மாற்றிக் கொள்வர் என்பதே அன்றைய எண்ணம். முதலாவது மாதாந்தக் காசோலை 1940 சனவரி 31இல் வெர்மான்ட் மாநிலத்து லட்லோ என்னும் ஊரைச் சேர்ந்த ஐடா மே புல்லருக்கு வழங்கப்பட்டது. அதன் இலக்கம் 00-000-001. தொகை 22 டொலர் 54 சதம். அம்மையார் நூறு வயது வரை வாழ்ந்து, வரியாகச் செலுத்திய 24 டொலர் 75 சதத்துக்கு ஈடாக 22,888 டொலருக்கு மேற் பெற்றார் என்பது அத்துறையினர் விரும்பிச் சொல்லும் கதை.

ஆனால் அந்தக் காசோலை எழுதப்படுமுன்னரே சட்டம் மாறிவிட்டது. 1939ஆம் ஆண்டுத் திருத்தம் தொழிலாளியின் மனைவி, பிள்ளைகள், கைம்பெண், வயதான பெற்றோர் ஆகியோரையும் உரித்தாளராக்கியது. குடும்பம் உள்ளே வந்தவுடன் தொட்டிற் குழந்தையும் உள்ளே வந்தது. தந்தையை இழந்த ஐந்து வயதுச் சிறுவனின் பெயருக்குக் காசோலை அனுப்பி என்ன பயன்? பராயமடையாதவனுக்காக நீதிமன்றஞ் சென்று பாதுகாவலரை நியமிக்கலாம். எனினும் பிள்ளையின் பங்கு தொழிலாளியின் ஓய்வூதியத்திற் பாதி. ஐடா மே புல்லரின் தொகையை அளவாகக் கொண்டால் மாதம் 11 டொலர். வழக்கறிஞர் கூலிக்கே அது போதாது.

ஆகவே சட்டத்தை இயற்றியோர் துணிவான ஒரு பிரிவைச் சேர்த்தனர். உரித்தாளரின் நலன் அதனாற் பேணப்படுமெனத் தோன்றினால், அவர் சட்டப்படி தகுதியுடையவரா அல்லரா என்னும் ஆராய்வு இன்றியே, அவர் பொருட்டு அவர் உறவினரிடமோ வேறொருவரிடமோ பணத்தைக் கொடுக்கலாம் என்பதே அப்பிரிவின் கருத்து. நீதிபதி இல்லை, பிணை இல்லை, செலவும் இல்லை. அலுவலகத்து உத்தியோகத்தர் ஒருவர் விண்ணப்பத்தைப் பார்த்து முடிவு செய்வார். இவ்வாறு தெரிந்தெடுக்கப்படுபவருக்குப் பிரதிநிதிப் பெறுநர் என்று பெயர் வழங்கலாயிற்று. ஏழைக் குடும்பங்களுக்கு இப்பிரிவு செய்த நன்மை அளவிறந்தது. ஆனால் ஒரு மனிதனின் பணத்தை அவன் கையிலிருந்து எடுத்து மற்றொருவன் கையிற் கொடுக்கும் அதிகாரம் ஓர் எழுத்தரின் மேசைக்கு இறங்கி வந்ததும் இதனாலேதான். பின்னாளில் எழுந்த எல்லாப் பூசல்களுக்கும் வித்து இங்கேயே இடப்பட்டது.

இவ்விடத்தில் அமெரிக்கக் குடும்பங்களை இன்றளவும் தடுமாறச் செய்யும் ஒரு செய்தியைக் கூறல் வேண்டும். தாய் நலமாயிருந்த காலத்திலேயே மகள் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருப்பாள். அந்தப் பத்திரத்தைக் கொண்டு மகள் வீட்டை விற்கலாம். வங்கியிற் பணமும் எடுக்கலாம். ஆனால் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் அப்பத்திரம் செல்லாது. அரசாங்கக் கொடுப்பனவுகளைப் பொறுத்தவரை திறைசேரி அதனை ஏற்பதில்லை. தாயோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு வைத்திருப்பதும் போதாது. மகள் அலுவலகத்துக்கு நேரிற் சென்று, பெறுநராக நியமிக்குமாறு தனியே விண்ணப்பித்தல் வேண்டும். ஆண்டாண்டாகத் தாயின் கணக்கைப் பார்த்து வந்த பிள்ளைக்கு இது அவமதிப்பாகத் தோன்றுவதுண்டு. எனினும் தனி மனிதர் இருவர் தமக்குள் எழுதிக்கொண்ட பத்திரத்தை ஏற்றால், அதன்பின் அரசாங்கம் அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்க முடியாது. இக்கண்டிப்பின் காரணம் அதுவே.

முதற் பதினைந்து ஆண்டுகளில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் தாயும் குழந்தையும் பற்றியதாகவே இருந்தது. 1956ஆம் ஆண்டில் வலுவிழந்த தொழிலாளருக்கும் உதவிப்பணம் வழங்கச் சட்டம் செய்யப்பட்டது. 1974 சனவரி முதல், உழைப்பு வரலாறு இல்லாத ஏழை முதியோர்க்கும் பார்வையற்றோர்க்கும் வலுவிழந்தோர்க்கும் துணை வருமானத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதே காலத்திலேயே மாநில மனநோய் வைத்தியசாலைகளின் கதவுகள் திறக்கப்பட்டன. 1955இல் அவற்றில் ஏறக்குறைய 5,59,000 பேர் இருந்தனர். பின்வந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அத்தொகை கால்வாசியளவாகச் சுருங்கியது. வெளியே வந்தவர்களிற் பலர்க்கு வீடு இல்லை. மாதந்தோறும் வரும் அரசாங்கக் காசோலை மட்டும் இருந்தது. அக்காசோலையை நாடி உறவினர் வந்தனர், விடுதிக்காரரும் வந்தனர், பெயர் தெரியாத நண்பர்களும் வந்தனர்.

இனி அந்தக் கணக்கு. பெறுநராக நியமிக்கப்பட்ட மகனோ மகளோ செய்யவேண்டிய முதற் காரியம் வங்கிக்குச் செல்வதே. அங்கே திறக்கப்படும் கணக்கின் தலைப்பு, பணம் யாருடையது என்பதை ஐயமின்றிக் காட்டுதல் வேண்டும். உரித்தாளரின் பெயர் உரிமையாளராக நிற்கும். அவர் சார்பிற் கணக்கை நடத்தும் பிரதிநிதிப் பெறுநர் இன்னார் என்பது அதனோடு எழுதப்படும். கையொப்பமிடுபவர் பெறுநர் ஒருவரே. உரித்தாளர் தாமே பணத்தை எடுத்தல் இயலாது. ஈட்டப்படும் வட்டியும் உரித்தாளருக்கே சேரும். பெறுநரின் சொந்தப் பணம் ஒரு சதமும் அதிற் கலத்தல் ஆகாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு எனக் கேட்கலாம். கூட்டுக் கணக்கின் இயல்பை நோக்கின் விடை தெளியும். தாயும் மகனும் கூட்டாகக் கணக்கு வைத்தால், மகனுக்குக் கடன் கொடுத்தவன் அதன்மேற் கை வைக்க முற்படலாம்; மகன் மணமுறிவு வழக்கிற் சிக்கினால் அதுவும் பங்குக்கு வரலாம்; தாய் இறந்தால் மிச்சப் பணம் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் இன்றி அவனுக்கே போய்விடலாம். மாறாக, தலைப்பு சரியாக இருந்தால் அது தாயின் பணம் என்பதைக் கணக்கே சாட்சி கூறும். சமூகப் பாதுகாப்புப் பணத்தைக் கடன்காரர் பறித்தல் ஆகாது என்று 1935ஆம் ஆண்டுச் சட்டமே கூறியிருந்தது. 2011 மே மாதம் முதல், பறிமுதற் கட்டளை ஒன்று வந்தால் முந்திய இரண்டு மாதத்து அரசாங்க வரவுகளைத் தாமாகவே கண்டறிந்து காத்தல் வங்கிகளின் கடமையுமாயிற்று.

சட்டம் குடும்பத்துக்குச் சிறிது இளகியும் கொடுக்கின்றது. ஒரே வீட்டில் வாழும் பிள்ளைகள் பலர் உதவிப்பணம் பெறின், அன்றாடச் செலவுக்குப் பொதுக் கணக்கொன்றைத் தாய் தன் பெயரில் வைத்திருக்கலாம். ஆனால் சேமிப்பு என்று வந்தவுடன் அவரவர்க்குத் தனிக் கணக்கு வேண்டும். மூத்தவனின் சேமிப்பை இளையவளின் பாடசாலைச் செலவுக்கு எடுத்தல் வீட்டு வழக்கிற் குற்றமன்று. அக்கணக்கின் வழக்கிலோ அது குற்றம்.

செலவுக்கும் ஒரு முறை உண்டு. முதலில் உணவும் உறையுளும், அடுத்து மருந்து, பல் வைத்தியம் போன்றவை, பின்னர் உடையும் சிறு பொழுதுபோக்கும், எஞ்சியது சேமிப்பு. உறவினர் இவ்வேலைக்குக் கூலி எடுத்தல் கூடாது. கைப்பணமாகச் செலவிட்டதை மட்டும் சான்றோடு மீட்டுக்கொள்ளலாம். சேமிப்பிலும் ஒரு முரண்பாடு பதுங்கியிருக்கின்றது. துணை வருமானம் பெறுபவர் 1989 முதல் 2,000 டொலருக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. மீறினால் உதவி நிற்கும். சேமிக்குமாறு பணிக்கும் அதே அலுவலகம் சேமித்தவரைத் தண்டிக்கவும் செய்கின்றது. வலுவிழந்தோர்க்கெனத் தனிச் சேமிப்புக் கணக்கை அனுமதித்த 2014ஆம் ஆண்டுச் சட்டம், அக்கணக்கில் 1,00,000 டொலர் வரை இவ்வெல்லையிலிருந்து விலக்கி, இம்முரண்பாட்டை ஓரளவு தணித்தது.

கணக்கைத் திறந்தாயிற்று, அதனை யார் பார்ப்பது? இக்கேள்வி ஒக்லகோமாவிலேயே மீண்டும் எழுந்தது என்பது வரலாற்றின் விந்தை. உரித்தாளர் சிலர் தம் வகுப்பினர் அனைவர் சார்பிலும் தொடுத்த வழக்கில், ஒருவரின் பணத்தை மற்றவரிடம் கொடுக்கும் அரசாங்கம் அப்பணத்துக்கு ஆண்டுதோறும் கணக்குக் கேளாதிருத்தல் அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று அம்மாநிலத்து மேற்குப் பிரிவின் சமஷ்டி நீதிமன்றம் 1983இல் தீர்த்தது. அடுத்த ஆண்டிலே ஆண்டுக் கணக்கைக் கட்டாயமாக்கும் சட்டமும் காங்கிரஸ் சபையில் நிறைவேறியது. அதன்பின் ஆண்டுதோறும் ஒரு பத்திரம் வருவதும், உணவுக்கு எவ்வளவு, உடைக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று தாய்மார் சமையலறை மேசையில் அமர்ந்து நிரப்புவதும் இலட்சக்கணக்கான வீடுகளில் வழக்கமாயின.

பத்திரம் பொய் சொல்லவும் வல்லது. 1988 நவம்பரில் கலிபோர்னியாவின் சக்கரமெந்தோ நகரில் ஒரு விடுதி வீட்டின் தோட்டத்தைப் பொலிசார் தோண்டியபோது ஏழு பிணங்கள் வெளிப்பட்டன. வீட்டை நடத்திய டொரதியா புவென்ரே என்னும் கிழவி, ஆதரவற்ற முதியோரையும் மனநோயாளரையும் ஏற்றுத் தங்கவைத்து, அவர்கள் இறந்த பின்னும் அவர்களுடைய அரசாங்கக் காசோலைகளை மாற்றி வந்தாள். முதியோருக்கு மயக்க மருந்து கொடுத்துத் திருடிய குற்றத்துக்காக 1982இல் அவள் முன்னரே சிறை சென்றவள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். 1993இல் மூன்று கொலைகளுக்குக் குற்றவாளியாகக் காணப்பட்டு ஆயுட் சிறை பெற்றாள்.

அந்த அதிர்ச்சி தணியுமுன், 1990ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பெறுநராக விண்ணப்பிப்பவரை இயன்றவரை நேரிற் கண்டு விசாரித்தல், அவருடைய அடையாள இலக்கத்தைச் சரிபார்த்தல், முன்னைய குற்றங்களை ஆராய்தல், உரித்தாளருக்குக் கடன் கொடுத்தவர்களைப் பொதுவாக விலக்குதல் என்பவை கட்டாயமாயின. உறவினர் இல்லாதவர்க்குத் தொண்டு நிறுவனங்கள் சிறு கட்டணத்துடன் பெறுநராகலாம் எனவும் அது இடமளித்தது.

குழந்தைகளுக்கென ஒரு தனிக் கணக்குப் பிறந்த வரலாறும் இக்காலத்ததே. 1990 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், வலுவிழந்த சிறுவரின் தகுதியை அளக்கும் முறை சட்டத்துக்கு மாறானது எனத் தீர்த்தது. முன்னர் மறுக்கப்பட்ட பல பிள்ளைகளுக்குப் பழைய நிலுவை மொத்தமாகக் கிடைக்கலாயிற்று. மாதம் சில நூறு டொலரில் வாழ்ந்த வீடுகளுக்கு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வந்தது. சில வீடுகளில் அது உந்துவண்டியாகவும் தொலைக்காட்சியாகவும் மாறிற்று என்னும் முறைப்பாடு எழவே, 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புதுப் பூட்டைப் பூட்டியது. நிலுவை ஆறு மாதத் தொகையை விஞ்சினால் அது தனியாக ஒதுக்கிய கணக்கிலேயே இடப்படும். மருத்துவம், கல்வி, தொழிற் பயிற்சி, ஊனத்துக்கு வேண்டிய கருவிகள், வீட்டை அதற்கேற்ப மாற்றுதல் போன்றவற்றுக்கே அதனை எடுக்கலாம். அன்றாட உணவுக்கும் உடைக்கும் வாடகைக்கும் எடுத்தல் ஆகாது. பிள்ளையின் பெயரில் வங்கியிற் பணம் இருக்க, வீட்டு வாடகைக்குத் தாய் கடன் வாங்கும் காட்சி இச்சட்டத்தின் விளைவு. களவைத் தடுக்கும் பூட்டு ஏழ்மையையும் வெளியே விடாது பூட்டியது என்று சொன்னால் அது மிகையாகாது.

அரசாங்கமே பெறுநராகும்போது யார் கணக்குக் கேட்பது? வாஷிங்டன் மாநிலம் தன் பராமரிப்பிலிருந்த பிள்ளைகளின் உதவிப்பணத்தைப் பெற்று, அவர்களை வளர்க்கும் செலவுக்கே ஈடுகட்டிக் கொண்டது. 2003இல் உயர் நீதிமன்றம் ஒருமனதாக அதனை ஆகுமென்றது. சட்டத்தின் எழுத்துப்படி அத்தீர்ப்புச் சரியாயிருக்கலாம். ஆயினும் பதினெட்டு வயதில் வெறுங்கையோடு வெளியேறும் பிள்ளையின் பக்கம் நின்று நோக்கினால் மனம் அமைதியடையாது. 2018இல் மேரிலாந்து மாநிலம் அத்தகைய பணத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைக்கே சேமிக்க வேண்டுமெனச் சட்டம் செய்தது.

2009 பெப்ரவரியில் அயோவா மாநிலத்து அட்டலிசா என்னும் சிற்றூரில் வெளிவந்த செய்தியோ நாட்டையே திடுக்கிடச் செய்தது. டெக்சஸ் கம்பனி ஒன்று அறிவு வளர்ச்சி குன்றிய ஆடவரைப் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றிற் குடியமர்த்தி, வான்கோழி இறைச்சித் தொழிற்சாலையிற் பல பத்தாண்டுகளாக வேலை வாங்கியது. அவர்கள் கையிற் கண்ட சம்பளம் மாதம் 65 டொலர். அவர்களுடைய அரசாங்க உதவிப்பணத்தைப் பெற்று வந்ததும் அக்கம்பனியே. முதலாளியே பெறுநர், விடுதிக்காரரும் அவரே. 2013இல் யூரிமார் 24 கோடி டொலர் நட்டஈடு விதித்தனர். சட்டத்தின் உச்சவரம்பு அதனை 16 இலட்சமாகக் குறைத்தது.

இதற்கிடையே காசோலை மறைந்து வந்தது. நேரே வங்கிக்குப் பணம் அனுப்பும் முறை 1970களின் நடுப்பகுதியிலே தொடங்கியது. 2013 மார்ச்சு முதலாந் திகதியோடு கடதாசிக் காசோலை அரிய விதிவிலக்காயிற்று. வங்கிக் கணக்கு இல்லாதவர்க்கு 2008 முதல் திறைசேரி ஓர் அட்டையை வழங்கியது. முன்னர் தபாற்பெட்டியிற் காசோலையைக் கண்ட மூதாட்டிக்குத் தன் பணம் வந்தது என்றாவது தெரியும். வங்கிக்குள்ளே ஓசையின்றி வந்து சேரும் பணத்தை மகன் மட்டுமே அறிவான்.

2018 ஏப்ரிலிற் கையொப்பமான சட்டம் இரு திசையிலும் நகர்ந்தது. பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழும் பெற்றோரும், வாழ்க்கைத் துணைவரும் ஆண்டுக் கணக்குப் பத்திரம் நிரப்புவதிலிருந்து விடுவிக்கப்பட்டனர். ஏறக்குறைய 80 இலட்சம் பேர் பிறர் கையாற் பணம் பெற்றுவந்த அக்காலத்தில், நல்ல தாய்மாரின் பத்திரங்களைப் படிப்பதிலேயே அலுவலகத்தின் பொழுது கழிந்தது என்பது உண்மை. அதற்கு ஈடாக, மாநிலந்தோறும் உள்ள வலுவிழந்தோர் உரிமைக் காப்பு அமைப்புகள் பெறுநரை நேரிற் சென்று ஆராய நிதி வழங்கப்பட்டது. மேலும், நல்ல நினைவு இருக்கும்போதே, பின்னர் தமக்குப் பெறுநராகத்தக்க மூவரின் பெயர்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும் உரிமையும் உரித்தாளருக்குக் கிடைத்தது. 2020 முதல் அது நடைமுறையில் உள்ளது. அலுவலகம் அப்பெயர்களைக் குறித்து வைத்து, ஆண்டுக்கொரு முறை அவற்றை நினைவூட்டிக் கடிதமும் எழுதுகின்றது. 1939இல் எழுத்தரின் மேசையில் இருந்த தெரிவின் ஒரு பகுதி இவ்வாறு எண்பது ஆண்டுகளின் பின் பணத்துக்கு உரியவரிடம் திரும்பியது.

உரித்தாளர் இறக்கும் நாளில் இந்தக் கணக்கின் வேலை முடிகின்றது. இறந்த மாதத்துக்குரிய சமூகப் பாதுகாப்புப் பணம் வந்திருந்தால் அது அரசாங்கத்துக்குத் திரும்பும். அதற்கு முன் சேமித்த பணம் இறந்தவரின் சொத்தோடு சேரும். பத்தாண்டு கணக்கை நடத்திய மகளாயினும், அன்று முதல் பெறுநர் என்னும் தகுதியில் அதிலிருந்து ஒரு சதமும் எடுத்தல் இயலாது.